பக்கத்து சீட்டு பிரேக்

வண்டியே இல்லாத இடத்தில் உங்களை யாராவது பிரேக் போடச் சொல்லியிருக்கிறார்களா? காலில் ஷூ, முதுகில் பை, ஒரு பக்கம் புல்மேடு, இன்னொரு பக்கம் கடல், நடுவில் நீங்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "பிரேக், பிரேக்! வளைவு வருது பாரு, ஸ்பீடைக் குறை!" இதுவரை யாரும் உங்களிடம் அப்படிச் சொன்னதில்லை என்றால் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்தக் கதையில் வருகிற அம்மாளுக்கு அப்படி அமையவில்லை.

அவளுடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு லைசென்ஸ் வாங்கியவர்கள். மீதிப் பாதிப் பேர் திட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வேறு ஸ்கூலுக்குப் போனவர்கள். காருக்குள் இருக்கிறவரை எல்லாரும் அவரை "சார்" என்பார்கள். கீழே இறங்கிக் கதவைச் சாத்தியதும் "ஹாரன்" என்பார்கள். இந்தப் பெயர் அவருக்கும் தெரியும். கேலி என்று நினைக்காமல், ஊர் தனக்குக் கொடுத்த விருது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கற்றுக்கொடுக்கிற காரில் வாத்தியார் உட்காரும் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஸ்டியரிங் அடுத்தவன் கையில், வேர்வை அடுத்தவன் நெற்றியில், பிரேக் மட்டும் இவர் காலில். இப்படி ஒரு வசதி எந்த மனுஷனுக்குக் கிடைத்தாலும் கொஞ்ச நாளில் கெட்டுத்தான் போவான். ஹாரனுக்குக் கிடைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் குழம்புக் கரண்டி தட்டை நெருங்கும்போதுகூட அவருடைய வலதுகால் மேஜைக்கு அடியில் எதையோ மிதிக்கும்.

அவள் அந்த ஸ்கூலின் ஆபீஸைப் பார்த்துக்கொண்டாள். ஆபீஸ் என்றால் ஒடுக்கமான ஒரு அறை. சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சடித்த படம், நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு போன். மாணவர்களுக்கு அவள் ஆபீஸ் அக்கா. வகுப்பு முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்து, "அவர் அப்படித்தான், மனசுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, அடுத்த வகுப்புக்கு நேரம் குறித்து அனுப்புவது அவள் வேலை. மனசில் ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். இருந்ததெல்லாம்தான் வாய் வழியாக வெளியே வந்துவிடுமே.

ஊருக்கெல்லாம் கார் கற்றுக்கொடுத்தவர் பெண்டாட்டிக்கு ஏன் கற்றுக்கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கற்றுக்கொடுத்தார், ஒரே ஒரு நாள். கல்யாணமான புதிதில் காலி மைதானத்துக்கு அழைத்துப் போய் ஓட்டச் சொன்னார். அவள் கிளட்சைச் சட்டென்று விட்டாள். கார் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிப் போய் ஓரத்தில் இருந்த ஒரு தண்ணீர் டிரம்மைத் தள்ளிவிட்டது. டிரம்முக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஹாரன் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்: "உனக்கு ரோடு சென்ஸ் கிடையாது."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அந்தக் கதை ஓடியது. நாத்தனார்தான் எடுத்துக் கொடுப்பாள்: "அண்ணா, அந்த டிரம் கதையைச் சொல்லேன்." அண்ணன் சொல்வார். வருஷம் ஆக ஆக டிரம் சுவராயிற்று, சுவர் ஒரு பால்காரரின் சைக்கிளாயிற்று, கடைசியாகக் கேட்டபோது அதில் ஒரு பசுமாடும் இருந்தது. எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் "ஏன், கோவமா?" என்று அதற்கு ஒரு தனிச் சிரிப்பு சிரிப்பார்கள்.

இனி அவளுடைய ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். அவளிடம் லைசென்ஸ் இருந்தது.

ஹாரன் மாணவர்களோடு வெளியே போயிருக்கிற நேரத்தில் ஆபீஸ் போனைத் தன் செல்போனுக்கு மாற்றிவிட்டு, ரெண்டு தெரு தள்ளி இருந்த இன்னொரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். அதை நடத்துகிற பெண் முன்பு ஹாரனிடமே வேலை பார்த்தவள். "இவ கத்தவே மாட்டேங்கறா, ஸ்டூடண்டுக்கு எப்படி பயம் வரும்?" என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பியவர் ஹாரன். சைலன்சர் என்று பெயர் வைத்ததும் அவர்தான். சைலன்சரின் காரில் முதல் நாள் அவள் மறுபடியும் கிளட்சைச் சட்டென்று விட்டாள். கார் துள்ளி நின்றுவிட்டது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வசவே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்திலிருந்து, "ம்... மறுபடி" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. அவ்வளவுதான். அவள் அழுதது அன்றைக்குத்தான்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று சைலன்சர் ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, நம்ம ஸ்கூலுக்கு வந்துடுங்களேன். மொதல்ல ஆபீஸைப் பாத்துக்குங்க, கூடவே வண்டியில உக்காந்து பழகுங்க. வாத்தியார் பரீட்சைக்கு நானே உங்களைத் தயார் பண்றேன்." சைலன்சருக்கும் கணக்கு இல்லாமல் இல்லை. ஊரில் எந்த வீட்டுப் பெண் கார் கற்றுக்கொள்ள நினைத்தாலும் முதலில் கேட்பது ஆபீஸ் அக்காவின் குரலைத்தானே. "திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

அவளுக்கு ஆசை இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது, சொன்னால் உங்களுக்கே எரிச்சல் வரும். தான் ஓட்டுவதைக் கணவர் பார்த்து, "பரவாயில்லையே, நல்லா ஓட்டறியே" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் சைலன்சரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய பிளாஸ்டிக் நாற்காலிகளோடே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தாள். மனுஷ மனசு எவ்வளவு மலிவாக விலை போகத் தயாராக இருக்கிறது பாருங்கள்.

ஆனால் லைசென்ஸ் விஷயத்தை அவரிடம் சொல்வது எங்கே? வீட்டில் அவர் டிவி முன்னால். வெளியே கார். அந்த நேரம் பார்த்து ஹாரனின் வயிற்றை டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "உக்காந்தே சம்பாதிச்ச தொப்பை, நடந்துதான் தீர்க்கணும்" என்று சொன்னார். அவள் கப்பென்று பிடித்துக்கொண்டாள். நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு இடம், அதைச் சுற்றிப் பாறை விளிம்போடு ஒரு நடைபாதை, வழியில் ஒரு விடுதி. புறப்பட்ட கார் நிறுத்தத்துக்கே மறுநாள் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம். சனி, ஞாயிறு. டிவி இல்லை, ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை. அங்கே சொல்லிவிடலாம் என்று நம்பித்தான் கிளம்பினாள்.

ஸ்கூல் காரிலேயே போனார்கள். ஹாரன்தான் ஓட்டினார். ஓட்டினார் என்பதைவிட, ரோட்டில் போன மற்ற வண்டிகளுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார் என்று சொல்லலாம்.

நடைபாதையில் கால் வைத்ததும் அவளை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். இதற்கென்றே வாங்கிய இரண்டு ஊன்றுகோலில் ஒன்றை ஊன்றினார், இன்னொன்றால் வழி காட்டினார்.

"ஓரமா போ, ஓரமா."

"ஓரம் பள்ளமுங்க."

"ரோட்டுல எப்பவும் ஓரம்தான். நடுவுல போறவன் காட்டான்."

பாதையின் ஓரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பனைமர ஆழத்துக்கு ஒன்றும் இல்லை. கீழே கடல் பாறையில் மோதி நுரை கக்கிக்கொண்டிருந்தது. எதிரே ஆள் வரும்போதெல்லாம் ஹாரன் நாகரிகமாக, "வழி விடு, வழி விடு" என்பார். சாலை விதிக்குக் கட்டுப்பட்டுச் சாவதா, மீறி உயிரோடு இருப்பதா என்று ஒவ்வொரு தடவையும் அவள் யோசித்து, புல்மேட்டுப் பக்கம் ஏறி நின்றுகொண்டாள். "இதுதான், இதுதான் ரோடு சென்ஸ் இல்லங்கறது" என்று பின்னாலிருந்து வந்தது.

கடல் அன்றைக்கு அவ்வளவு அழகாக இருந்தது. தூரத்தில் நீலம், கிட்டே பச்சை, பாறைக்கடியில் பால் மாதிரி வெள்ளை. வெள்ளைப் பறவைகள் காற்றில் சும்மா படுத்துக்கொண்டிருந்தன. ஹாரனும் பார்த்தார். "பாரு, இன்டிகேட்டரே போடாம திரும்புது" என்றார்.

அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைத் தொடங்கினாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"கல்லு, கல்லு! கண்ணை முன்னாடி வை."

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"பேசிக்கிட்டே ஓட்டக் கூடாது. எத்தனை தடவை சொல்றது?"

"நான் நடக்கறேங்க."

"ரெண்டுக்கும் ஒரே ரூல்தான்."

அதற்குப் பிறகு அவள் வாயை மூடிக்கொண்டாள். ஹாரன் திறந்தே வைத்திருந்தார். "நேரா போ. நேரா. அப்படியே நேரா."

ஓரிடத்தில் பாதை ஒரு சேற்றுக் குட்டையைச் சுற்றிக்கொண்டு அழகாக வளைந்தது. வளைவு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. பின்னாலிருந்து, "நேரா போ" என்று குரல் வந்தது. அவள் நேராகப் போனாள். முழங்கால்வரை சேறு. இருபது வருஷமாக ஒரு குரல் சொல்கிறபடி போய்ப் பழகிய கால் தானாகப் போனதா, இல்லை வேண்டுமென்றே போனாளா என்று கேட்டால், அவளுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் சேற்றுக்குள் நின்றபோது கொஞ்சம் குளுகுளுவென்று இருந்தது என்பது உண்மை.

"அடியே! கண்ணு தெரியல?"

"நீங்கதானே நேரா போன்னீங்க."

"ரோடு வளைஞ்சா வளையணும்னு தனியா சொல்லணுமா?"

"மத்ததெல்லாம் தனியா சொல்றீங்களே."

ஹாரன் ஊன்றுகோலை நீட்டி அவளை இழுத்துவிட்டார். ஷூ ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது, அதைத் தோண்டி எடுத்தாள். "மாடு எதுவும் குறுக்க வரலையே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

சாயங்காலம் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சுத்தமான அறை. கடல் பார்த்த ஜன்னல். விடுதிக்காரம்மா அவள் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு பக்கெட் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் ஒரே நீள மேஜை. எதிரே ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும், அவர்களும் நடக்க வந்தவர்கள். பல் டாக்டர் மரியாதைக்கு, "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார்.

சூப் ஆறியது. ரொட்டி ஆறியது. ஹாரன் நிறுத்தவில்லை. நடைபாதையில் எப்படி முந்துவது, ஏற்றத்தில் யார் யாருக்கு வழிவிடுவது என்று உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் மேஜைமேல் ஓட்டிக் காட்டினார். பல் டாக்டர் வாயைத் திறக்க நேரம் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய தொழிலில் அது ஒரு புது அனுபவமாக இருந்திருக்கும்.

"அம்மாவும் ஓட்டுவாங்களா?" என்று பல் டாக்டரின் மனைவி கேட்டாள்.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். இதோ வந்துவிட்டது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. "ஆமாங்க, நான்..." என்று தொடங்கினாள்.

"இவளா?" என்றார் ஹாரன். முகமெல்லாம் சந்தோஷம். "அந்தக் கதையைக் கேளுங்க."

கேட்டார்கள். டிரம், சுவர், சைக்கிள், பசுமாடு. இந்த முறை பால்காரர் ஆஸ்பத்திரியிலும் இருந்தார். பல் டாக்டர் சிரித்தார். அவர் மனைவி பாதி சிரித்து, இவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். விடுதிக்காரம்மா மட்டும், "மாட்டுக்கு என்ன ஆச்சு?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

"மாடே இல்லீங்க" என்றாள் அவள். "பால்காரரும் இல்ல. ஒரு டிரம்தான் இருந்துச்சு. அதுலயும் தண்ணி இல்ல."

ஹாரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். தன்னிடம் இருபது வருஷம் ஓடிய காரிலிருந்து திடீரென்று புதுச் சத்தம் வந்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. "நடந்த களைப்பு" என்று பல் டாக்டரிடம் விளக்கம் சொல்லிவிட்டு மிளகு டப்பாவைக் கையில் எடுத்தார்.

மறுநாள் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வழியில் ஒரு பாறை மேடு, அதன்மேல் கைப்பிடிக் கம்பி, பக்கத்தில் 'கம்பியைத் தாண்டிக் குனிய வேண்டாம்' என்று பலகை. ஹாரனுக்குப் பலகை என்றால் உயிர். அந்தப் பலகையையே பாடமாக எடுத்தார்.

"ஏன் குனியக் கூடாதுன்னு போட்டிருக்கான்? சொல்லு பாப்போம். தெரியாது. குனிஞ்சா என்ன ஆகும்னா, இந்தா, இப்படிக் குனிஞ்சா..."

குனிந்து காட்டினார். காற்று ஒரே வீச்சில் அவர் கண்ணாடியை மூக்கிலிருந்து கழற்றியது. அது வெயிலில் ரெண்டு தடவை மின்னிவிட்டுக் கடலுக்குள் போயிற்று. பாடம் அவ்வளவு தெளிவாக எந்த மாணவனுக்கும் புரிந்திருக்காது.

கண்ணாடி இல்லாவிட்டால் ஹாரனுக்கு எதிரே நிற்பது ஆளா, கதவா என்று தெரியாது. மாற்றுக் கண்ணாடி வீட்டில் இருந்தது. 'எப்பவும் ரெண்டு கண்ணாடி கையோட வெச்சிருக்கணும்' என்று மாணவர்களுக்குச் சொல்வார். அதைக் கேட்டு மாணவர்கள் வைத்திருந்தார்கள்.

அவருடைய கையை எடுத்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். கண்தான் போயிற்று, குரல் எங்கேயும் போகவில்லை.

"ஓரத்துல போகாதே, ஓரத்துல போகாதே!"

"நேத்து ஓரம்தான்னீங்க?"

"அது நேத்து. அங்க என்ன, ஆள் வராங்களா? வழி விடு."

"அது கம்பமுங்க."

"கம்பம்னாலும் மரியாதை குடு."

கொஞ்ச தூரம் போனபிறகு அவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. இந்த மனுஷனுக்கு இப்போது அவள் முகம் தெரியாது. இருபது வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த மிகப் பெரிய சுதந்திரம் அதுதான்.

"என்னங்க, ஒரு விஷயம் சொல்லணும்."

"மொதல்ல படி இருக்கான்னு சொல்லு."

"படி இல்ல. எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு."

"எதுக்கு லைசென்ஸ்?"

"கார் ஓட்டறதுக்கு."

ஹாரன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. முகம் தெரியாததால், அவள் சிரிக்கவில்லை என்பதைக் காதால் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நெசமாவா? எவன் குடுத்தான்?"

"லைசென்ஸ் ஆபீஸ்லதான். மொத தடவையிலேயே பாஸ் பண்ணிட்டேன்."

"யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"சைலன்சர்கிட்ட."

தோளிலிருந்து கை எடுபட்டது. ஹாரன் அவளைத் தாண்டித் தனியாக முன்னால் நடந்தார். ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பள்ளம். எங்கேயோ கீழே அலை அறைந்த சத்தம் கேட்டது. நின்றார். கை காற்றில் துழாவியது. அவள் போய்த் தோளைக் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார், முன்னைவிட இறுக்கமாக.

"அவகிட்டயா போகணும்?" என்றார். "ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"உங்ககிட்ட கேட்டா, மாட்டுக் கதை சொல்வீங்க."

அதற்குப் பிறகு கார் நிறுத்தம் வரும்வரை ஹாரன் ஒரு வார்த்தை பேசவில்லை. கடல் சத்தம் எப்படி இருக்கும் என்பது அந்த விடுமுறையில் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலை விஷயத்தையும் அதே நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. இன்னும் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள்.

கார் அருகில் வந்ததும் ஹாரன் பழக்கப்படி டிரைவர் பக்கக் கதவைத் தடவினார். "நீங்க கண்ணாடி இல்லாம ஓட்டுவீங்களா?" என்று அவள் கேட்டாள். 'கண்ணாடி போடாம ஓட்டறவன் கொலைகாரன்' என்பது அவருடைய முதல் நாள் பாடம். காரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. கால் பிரேக்கைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

அவள் காரின் கண்ணாடிகளைச் சரிசெய்தாள், சீட்டை முன்னால் இழுத்தாள், கிளட்சை மெதுவாக விட்டாள். கார் தண்ணீரில் படகு போகிற மாதிரி நகர்ந்தது. பக்கத்தில் பார்த்தாள். ஹாரனின் வாய் லேசாகத் திறந்தது. இதோ, சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். அவர் பிரேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்றது.

"எதுக்கு மிதிச்சீங்க?"

"எதிர்ல லாரி வருதே!"

"அது லாரி இல்லீங்க, வீடு."

மறுபடி கிளப்பினாள். கொஞ்ச தூரத்தில் மறுபடி மிதித்தார். இந்த முறை ஒரு மரம் சாலையைக் கடந்துகொண்டிருந்ததாம். மூன்றாவது முறை மிதித்தது பஸ்ஸுக்கு முன்னால். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அக்கா, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கத்தினார். காருக்கு மேலே ஹாரனின் பெயரோடு ஸ்கூல் போர்டு இருந்தது. அதைப் படித்துவிட்டு, "ஓ, அவரா" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அவள் காரை ஓரம் கட்டினாள். இறங்கி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"பின்னால போய் உக்காருங்க."

"என்னது?"

"பின்னால பிரேக் இல்ல."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரை எழுப்பியிருக்க வேண்டும். சொந்தக் காரின் பின் சீட்டில் ஹாரன் அதுவரை உட்கார்ந்ததே கிடையாது. மாணவர்களின் பைகளுக்கும் ரோட்டில் வைக்கிற பழைய கூம்புகளுக்கும் நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மலைச்சரிவு, பாலம், நெடுஞ்சாலை, ஊருக்குள் நெரிசல் எல்லாவற்றையும் அவள் கடந்தாள். எங்கேயும் கார் துள்ளவில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தெரியாத காட்சிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் ஒரே மடக்கில் நிறுத்தினாள். எதிர்வீட்டு டெய்லர் கையில் ஊசியோடு வெளியே வந்துவிட்டார்.

"என்ன சார் இது! அம்மாவா ஓட்டிக்கிட்டு வராங்க!"

ஹாரன் பின் கதவைத் திறந்து இறங்கினார். ஒரு நொடி தடுமாறினார். அவள் டிக்கியைத் திறந்தபடி காது கொடுத்தாள். இப்போதாவது.

"பின்ன?" என்றார் ஹாரன், தெருவே கேட்க. "இருபது வருஷ டிரெயினிங் சார்! நம்ம ஸ்டூடண்டாச்சே!"

"நீங்க ஏன் பின்னால உக்காந்திருந்தீங்க?"

"அது புது முறை. வாத்தியார் பின்னால உக்காந்தாத்தான் ஸ்டூடண்டோட தப்பு தெரியும்."

"கண்ணாடியக் காணோமே சார்?"

"வாத்தியார் பாக்காம இருந்தாத்தான் ஸ்டூடண்டுக்கு நம்பிக்கை வரும்."

டெய்லர் அசந்துபோய் நின்றார். அவள் ரெண்டு பையையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மாற்றுக் கண்ணாடி கிடைத்ததும் ஹாரன் முதலில் தேடியது போனைத்தான். தங்கைக்குப் பேசினார். "டிரம்மை இடிச்சவ இன்னிக்கு நெடுஞ்சாலையில ஓட்டறா, நெனச்சுப் பாரு! கல்லைக்கூட ஓட்ட வெச்சுடுவான் உங்கண்ணன்." நாத்தனாரின் சிரிப்பு போனைத் தாண்டி அறைக்குள் கேட்டது.

போனை வைத்ததும் அவள் கேட்டாள். "எனக்குக் கத்துக்குடுத்தது சைலன்சர்தானே?"

"அதை வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதே, ஸ்கூல் பேரு கெட்டுடும். நாளைக்கே உன் போட்டோவை போர்டுல போட்டுடலாம். வாத்தியார் வீட்டுக்காரியே ஓட்டறான்னா நாலு பேரு வருவாங்க."

"சரி. நான் நல்லா ஓட்டினேனா, அதைச் சொல்லுங்க."

ஹாரன் துணியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார். தானே நம்பாத பொய்யை அவர் சொல்கிறவர் இல்லை.

"தப்பு எப்படி வரும்? அதான் நான் பின்னால இருந்தேன்ல" என்றார்.

மறுநாள் காலை அவள் பஸ்ஸில் போய் சைலன்சரின் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தாள். ஹாரன் தானே ஆபீஸைத் திறந்தார்.